வேர்க்கும் ஏ.எச்.யூ.வுக்குக் கறுப்பு ரப்பர் ஷீட்: திருகோணமலைக் காற்றில் எவ்வளவு தாங்கும்?

ஏ.எச்.யூ. என்பது பெரிய ஏ.சி. அமைப்பில் காற்றைக் குளிரவைத்து அறைகளுக்கு அனுப்பும் பெட்டி. அது வேர்ப்பதைத் தடுக்க இங்கே எடுத்துக்கொண்ட சாமான் 25 மில்லிமீட்டர் தடிப்புள்ள நைட்ரைல் ரப்பர் ஃபோம் ஷீட். ஆர்மாஃப்ளெக்ஸ் என்பது ஒரு கம்பனியின் சரக்குப் பெயர்தான் என்றாலும், ஏ.சி. பாஸ்மார் வாயில் எந்தக் கறுப்பு ஷீட்டும் ஆர்மாஃப்ளெக்ஸ்தான். அதனால் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் வருவது எதுவாகவும் இருக்கலாம். தடிப்பையும் ரகத்தையும் சொல்லிக் கேட்பதே சரி.

தீர்ப்பை முதலே சொல்லிவிடலாம். ஏ.எச்.யூ. பெட்டியின் வெளிப்பக்கம் வேர்ப்பதை நிறுத்த இந்த ஊரில் கிடைக்கும் சாமான்களில் இதுதான் சிறந்தது. ஆனால் ஒற்றை அடுக்குக்கு 13 மில்லி, 19 மில்லி வாங்குவது காசைக் கரியாக்குவது. வெள்ளித்தாள் ஒட்டிய வகை கறுப்பு வகையைவிட மோசம். முதுகில் பசையோடு வரும் வகையைப் பாதி இடங்களில் நம்பமுடியாது. பெட்டி முழுவதையும் சுற்றிப் போர்த்துவதும் பெரும்பாலும் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் கீழே இருக்கிறது.

முதலில் காற்று. கச்சான் வீசும் ஒரு பின்னேரம் வெளியே 34 பாகை, சாரீரப்பதன் 55 சதவீதம் என்று வைப்போம். பனிபடுநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 பாகைக்குச் சற்றுக் கீழே வரும். பெட்டியின் மேற்பரப்பு 26 பாகையில் இருந்தாலும் ஒரு துளி பிடிக்காது. அதே பெட்டியை மாரியில் பாருங்கள்: 32 பாகையும் 85 சதவீதமும் என்றால் பனிபடுநிலை 29. மழை விட்ட இரவில் 26 பாகையும் 95 சதவீதமும் என்றால் பனிபடுநிலை 25. அதாவது அறைக் காற்றைவிட மேற்பரப்பு ஒரே ஒரு பாகை குளிர்ந்தாலே தண்ணீர் வடியத் தொடங்கும். ஆனி, ஆடியில் வந்து பார்த்து "பெட்டி காய்ந்துதானே கிடக்கு" என்று சொல்லிப் போகிறவரின் கணக்கு ஐப்பசியில் பிழைப்பது இதனால்தான். திருகோணமலையின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டுகிறது. தடிப்பைத் தீர்மானிக்க வேண்டியது அந்த மாதங்களின் இரவு.

பெட்டிக்குள் 13 பாகைக் காற்று ஓடுகிறது, ரப்பரின் வெப்பக்கடத்தாறு (வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்ற எண்) 0.036 W/mK என்று எடுத்தால் கணக்கு இப்படி வரும். 32 பாகை, 75 சதவீதத்துக்கு 11 மில்லி போதும். அதே 32 பாகையில் ஈரப்பதன் 85க்கு ஏறினால் 23 மில்லி வேண்டும். 19 மில்லி ஷீட் தோற்பது இந்த இடத்தில். 26 பாகை, 95 சதவீத இரவுக்கு 56 மில்லி கேட்கும். அவ்வளவு தடிப்பை யாரும் ஒட்டப்போவதில்லை, ஒட்டவும் வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருவோம். தரவுத்தாளைப் பார்க்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். 0.033 என்று கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் 0 பாகையில் அளந்த எண். நமக்குத் தேவை 20 பாகைக்கு மேலான எண், அது எப்போதும் கொஞ்சம் கூட.

வெள்ளித்தாள் விவகாரம் பலருக்கு நம்பக் கடினம். மினுங்கும் மேற்பரப்பு வெப்பத்தை விரட்டும், ஆகவே நல்லது என்ற நினைப்பு கூரைக்குச் சரி, குளிர்ந்த பெட்டிக்குத் தலைகீழ். இங்கே நமக்கு வேண்டியது மேற்பரப்பு அறையிலிருந்து வெப்பத்தை வாங்கிச் சூடாக இருப்பது. கறுப்பு ரப்பர் அறைச் சுவர்களின் கதிர்வீச்சை நன்றாக உறிஞ்சும், அலுமினியத் தாள் திருப்பி அனுப்பிவிடும். மேற்பரப்பின் வெப்பமாற்றக் குணகம் (அறையிலிருந்து வெப்பத்தை வாங்கும் வேகம்) கறுப்புக்கு ஏறத்தாழ 9, மினுங்கும் தாளுக்கு 5 அளவில் என்று வைத்தால், 32 பாகை 85 சதவீதத்தில் கறுப்பு 23 மில்லியோடு தப்பும் இடத்தில் வெள்ளி 41 மில்லி கேட்கிறது. "பார்க்க நீற்றாக இருக்கும்" என்று கூடுதல் விலை கொடுத்து வியர்வையையும் சேர்த்து வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒட்டியாயிற்று என்றால், அதன் மேல் சாதாரண மட் பெயின்ற் ஒரு கோட் அடித்தாலே நிலைமை கொஞ்சம் தேறும்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்? நுனியைப் புதிய பிளேட்டால் வெட்டிப் பாருங்கள். உள்ளே கண்கள் ஒரே சீராக, குண்டூசி முனை அளவில் இருக்க வேண்டும். பெரிய ஓட்டைகளும் இடையிடையே கட்டியான கோடுகளும் தெரிந்தால் விட்டுவிடுங்கள். விரல்களால் நசுக்கி விட்டால் சில விநாடிகளில் பழைய தடிப்புக்கு வர வேண்டும். ஒரு துண்டைத் தராசில் நிறுத்து, கல் வைத்துத் தண்ணீரில் ஓர் இரவு அமிழ்த்தி, துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தால் நிறை ஏறக்குறைய மாறாதிருக்கும். ஏறியிருந்தால் நுண்ணறைகள் மூடியவையல்ல. தடிப்பை ஊசி குத்தி மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். கொழும்பிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல் லொறியில் வரும்போது ரோலின் மேல் பாரம் ஏற்றினால் அடிச்சுற்று அமுங்கியே கிடக்கும். ஆசுப்பத்திரி, ஹோட்டல் வேலைக்கென்றால் தீப்பரவல் சான்றும் கேளுங்கள். பி.எஸ். 476இன் 6ஆம், 7ஆம் பாகங்கள்தான் இங்கு வழக்கமாகக் காட்டப்படுபவை. விலையைச் சதுர அடிக்குக் கேட்டு ஒப்பிடுங்கள், ரோலுக்கு அல்ல. ரோலின் நீளம் கம்பனிக்குக் கம்பனி வேறு.

இனி எங்கே ஒட்டுவது. அண்மைக்காலத்து இரட்டைத் தோல் ஏ.எச்.யூ. ஒன்றில், இரு தகடுகளுக்கு இடையே 25 மில்லி பி.யூ. (பொலியூரிதேன்) ஃபோம் வைத்த பனல் இருந்தால் பனலின் நடுப்பகுதி வேர்ப்பது அரிது. 32 பாகை 85 சதவீதத்திலும் அதன் வெளித்தோல் 30 பாகைக்கு அருகில் நிற்கும், பனிபடுநிலை 29. வேர்ப்பது அலுமினியச் சட்டம், மூலை மூட்டு, பனலை இறுக்கிய ஸ்குரூ, கதவுக் கைபிடியின் தண்டு, கொயில் (காற்றைக் குளிரவைக்கும் குழாய்ச் சுருள்) குழாய் வெளியே வரும் துளை, கொயிலிலிருந்து வடியும் தண்ணீர் விழும் ட்ரெயின் தட்டின் அடிப்பக்கம். உட்பக்கக் குளிரை உலோகம் நேராக வெளியே கடத்தும் வெப்பப் பாலங்கள் இவை. ஐரோப்பிய நியமம் ஈ.என். 1886 இதற்கென்றே டி.பி. 1 முதல் டி.பி. 5 வரை தரம் பிரிக்கிறது. 1 சிறந்தது. புதிய யூனிற் வாங்குகிறவர் கடலோரத்துக்கு டி.பி. 2 அல்லது அதைவிடச் சிறந்ததைக் கேட்டு வாங்கினால் இந்த வியர்வை வெகுவாகக் குறையும். மிச்சக் கட்டுரை முக்கியமாக டி.பி. 4 வாங்கியவர்களுக்கு.

ஆகவே சட்டத்தின் மேல் பட்டி பட்டியாக ஒட்டுங்கள். சட்டத்தின் அகலத்தை மட்டும் மூடினால் போதாது. பனலின் தகடு பக்கவாட்டிலும் குளிரைக் கடத்தும், பட்டியின் ஓரத்தில் புதிதாக ஒரு வியர்வைக் கோடு தோன்றும். "ஒட்டினோம், வியர்வை இடம் மாறிவிட்டது" என்ற முறைப்பாட்டின் வேர் இதுதான். சட்டத்தின் இரு பக்கமும் பனலின் மேல் 100 மில்லி ஏறி இருக்க வேண்டும்.

அளவுக்கு ஓர் உதாரணம்: 2.4 மீட்டர் நீளம், 1.2 அகலம், 1.2 உயரம், மூன்று பகுதிகள். வடிகட்டிப் பகுதியில் ஓடுவது அறையிலிருந்து திரும்பும் காற்று. அது குளிர் குறைவு, விட்டுவிடலாம். கொயிலும் ஃபேனும் உள்ள 1.6 மீட்டரைக் கவனித்தால் போதும். நான்கு நீள விளிம்பும் கடைசி முகத்தின் நான்கு விளிம்பும் சேர்ந்து 11.2 மீட்டர். விளிம்பைச் சுற்றி மடிவதால் பட்டி 350 மில்லி அகலம். பகுதிகள் சேரும் இரண்டு வளையம் 9.6 மீட்டர், அதற்குப் பட்டி 250 மில்லி. இரண்டும் சேர்ந்து 6.3 சதுர மீட்டர், கழிவோடு 7. 25 மில்லி ரோல் ஒன்று பெரும்பாலும் 8 சதுர மீட்டர் அளவில் வரும், ஆக ஒரே ரோல். பெட்டி முழுவதையும் போர்த்தினால் 14.4 சதுர மீட்டரும் கழிவும், அதாவது இரண்டு ரோல். கதவையும் மறைத்துவிட்டு சேர்விஸுக்கு வரும் பையன் கத்தியால் கீறித் திறப்பான். பழைய ஒற்றைத் தகட்டுப் பெட்டி, உள்ளே நனைந்துபோன கிளாஸ்வூல் என்றால் மட்டும் முழுப் போர்வைதான் வழி, அதற்கு முன் அந்தக் கிளாஸ்வூலைக் கழற்றி எறிய வேண்டும்.

ஒட்டும் வேலைதான் இந்தப் பொருளின் உயிர். ஷீட் எவ்வளவு நல்லதானாலும் ஒரு மூட்டு வாய் திறந்தால் ஈரக்காற்று பின்னால் புகுந்து, ரப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் சேரும். வெளியே காய்ந்திருக்கும், உள்ளே துரு தின்னும்.

ஏ.எச்.யூ.வை நிறுத்தி ஐசொலேற்றரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) பூட்டுங்கள். குளிர்நீர் வால்வையும் அடைத்து, தகடு அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து யூனிற்களில் கைக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் முதலில் துடைத்து, காயவிட்டு, அதன் பிறகே தின்னர். நேரே தின்னர் போட்டால் எண்ணெய் போகும், உப்பு இருக்கும். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். துரு இருந்தால் கம்பிப் பிரஷ், பிறகு சிங்க் பிரைமர், முழுதாகக் காய்ந்தபின் மேலே போங்கள்.

பட்டியை அளவுக்குச் சரியாக வெட்டாமல் மீட்டருக்கு 5 மில்லி கூட்டி வெட்டி, இரு முனையையும் முதலில் ஒட்டி, மிச்சத்தை நடுவை நோக்கி அமுக்குங்கள். இழுத்து ஒட்டிய ரப்பர் மாதங்கள் போகச் சுருங்கி மூட்டைத் திறக்கும். இந்தப் பொருளில் வரும் பிழைகளில் முதலிடம் இதற்குத்தான். கொன்டக்ட் பசையை ரப்பரிலும் தகட்டிலும் மெல்லிதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, பிறகு அழுத்துங்கள். இரு பக்கமும் பூச லீட்டருக்கு 3 முதல் 4 சதுர மீட்டர் வரும், மேலே சொன்ன வேலைக்கு இரண்டரை லீட்டர் எடுத்து வையுங்கள். வெட்டு முனைகளும் ஒன்றோடொன்று பசையால் சேர வேண்டும். அதன் மேல் 3 மில்லி தடிப்பு, 50 மில்லி அகல ரப்பர் டேப். பசையில்லாத மூட்டின் மேல் டேப்பை மட்டும் ஒட்டுவது மழையில் குடைக்கம்பியைப் பிடிப்பது மாதிரி.

ஒட்டி முடித்து 36 மணித்தியாலம் யூனிற்றை ஓட்டக்கூடாது. ஹோட்டல்காரர் கேட்கச் சங்கடப்படும் எண் இது, ஆனாலும் பேரம் பேசக்கூடியதல்ல. முந்தி ஓட்டினால் பசைக்குள் மிச்சமிருக்கும் கரைப்பான் குளிரில் அடைபட்டு மூட்டு வலுவிழக்கும், போதாக்குறைக்கு அந்த வாடையை ஃபேன் இழுத்து அறைகளுக்கு அனுப்பும். அறைக் கதவைத் திறந்து வையுங்கள், நெருப்பு எதுவும் கிட்ட வேண்டாம். கரையோர ஹோட்டல்களின் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மழைக்காலத்தில் அறைகள் வெறுமையாக இருந்தாலும் அப்போது ஒட்டுவது பிழை: ஈரப்பதன் 80ஐத் தாண்டினால் பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, பசை மேலேயே ஈரம் படிந்து வெண்மை தட்டும், பிடிக்காது. மார்ச், ஏப்ரல்தான் இந்த ஊரில் சரியான காலம்.

முதுகில் பசையோடு வரும் வகை செங்குத்தான, சுத்தமான, சிறிய இடங்களுக்குப் பரவாயில்லை. பெட்டியின் அடியில், ட்ரெயின் தட்டின் கீழ் தலைகீழாக ஒட்டினால் சொந்தப் பாரத்திலேயே ஓரம் உரியும். அங்கே கொன்டக்ட் பசையும், மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வராதபடி 19 மில்லியில் இரண்டு அடுக்கும். உலோக ஊசி குத்தித் தாங்கவைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு ஊசித் தலையும் ஒரு புதிய வெப்பப் பாலம், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தொங்கும்.

ஷீட் தீர்க்காத காரியங்களும் உண்டு, ரோல் வாங்குமுன் அவற்றைப் பாருங்கள். யூனிற் ஓடும்போது கதவு விளிம்பைச் சுற்றி ஊதுபத்தி ஒன்றைக் கொண்டு போங்கள். ஃபேனுக்குப் பிந்திய பகுதியில் புகை வெளியே தள்ளப்பட்டால் குளிர்காற்று கசிகிறது, அந்தச் சட்டத்தை எந்த ஷீட்டும் காயவைக்காது. ஃபேனுக்கு முன் புகை உள்ளே இழுபட்டால் ஈரக்காற்று புகுந்து பெட்டியின் உட்பக்கம் வேர்க்கும். கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வருகிறதா? கதவைச் சுற்றியுள்ள ரப்பர் காஸ்கெட் செத்துவிட்டது, அதை மாற்றுவது ஷீட்டைவிட மலிவு.

அடிப்பக்கத் தண்ணீரில் பாதி வியர்வையே அல்ல, ட்ராப் பிழை. ட்ராப் என்பது வடிகுழாயில் தண்ணீர் தேங்கி நின்று காற்றை மறிக்கும் வளைவு. கொயிலுக்குப் பின் ஃபேன் இருக்கும் யூனிற்றில் ட்ரெயின் தட்டு உறிஞ்சல் அழுத்தத்தில் இருக்கும். அது 500 பாஸ்கல் என்றால் 50 மில்லி தண்ணீர் உயரம். தட்டின் வாயிலிருந்து ட்ராப்பின் வெளிவாய் அந்த 50இற்கு மேல் இன்னும் 25, ஆக 75 மில்லி கீழே இருக்க வேண்டும். ட்ராப்பில் நிற்கும் நீர் அதன் பாதியாவது. நேர்க்குழாய் போட்டுவிட்டால் காற்று குழாய் வழியே உள்ளே ஊதி, தண்ணீரைப் போகவிடாமல் தட்டில் நிறுத்தி, சட்டத்தின் இடுக்கால் வடியவிடும். ஃபேனை நிறுத்தியதும் குழாயில் தண்ணீர் மடமடவென்று வந்தால் சந்தேகமே வேண்டாம்.

95 சதவீத இரவுக்கு 56 மில்லி கேட்ட கணக்குக்கு இப்போது வருவோம். ஏ.எச்.யூ. அறையின் லூவர் வழியே வாடைக்காற்று நேரே உள்ளே வருகிறதென்றால் அதை அடைத்து, புதிய காற்றைத் தனி டக்ற் மூலம் ஏ.எச்.யூ.வின் கலவைப் பகுதிக்குள் கொண்டுபோங்கள். அறைக்குள் ஈரம் கூடாமல் வெப்பநிலை 26இலிருந்து 28இற்கு ஏறினாலே போதும், பனிபடுநிலை 25இலேயே நிற்க, தேவையான தடிப்பு 56இலிருந்து 17 மில்லிக்கு இறங்கிவிடும். மோட்டார், பம்ப், பனல்போர்ட் விடும் சூடே பல அறைகளில் அந்த இரண்டு பாகைக்குப் போதுமானது. இதற்குச் செலவு ஒரு தகரமும் ஒரு டக்ற்றும். இதைச் செய்யாமல் இரண்டாம் அடுக்கு ரப்பர் ஒட்டச் சொல்பவர் ரப்பர் விற்பவராகத்தான் இருப்பார்.

மாற்றுச் சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. எக்ஸ்.எல்.பி.ஈ. (குறுக்கிணைத்த பொலிஎத்திலீன்) ஃபோம் மலிவு, ஆனால் விறைப்பு. மூலையில் மடியாது, மடித்த இடம் நாளடைவில் நிமிரும், பெரும்பாலும் வெள்ளித்தாளோடுதான் வருகிறது. கிளாஸ்வூலும் தாளும்: தாளில் ஒரு கீறல் போதும், உள்ளே போன ஈரம் திரும்பி வராது. வியர்வைத் தடுப்புப் பெயின்ற் என்று டின்னில் விற்பது ஒரு மில்லி தடிப்பில் எந்தக் கணக்குக்கும் நிற்காது. அது கொஞ்சத் தண்ணீரைப் பிடித்துவைத்துச் சொட்டுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஸ்ப்ரே ஃபோம் குழாய்த் துளையை அடைக்க நல்லது, ஆனால் வெளித்தள்ளியதை வெட்டினால் வெட்டுமுகம் ஈரம் குடிக்கும், அதன் மேலும் ரப்பர் வேண்டும்.

சோதிக்கும்போது துப்பாக்கி மாதிரித் தெர்மோமீட்டரை வெறும் அலுமினியத்தின் மேல் பிடிக்காதீர்கள், அது எதிரொளிக்கும் சுவரின் வெப்பநிலையைச் சொல்லும். கறுப்பு டேப் துண்டொன்றை ஒட்டி, அதன் மேல் அளந்து பாருங்கள்.

மொட்டைமாடி யூனிற்களுக்கு இந்த ஷீட் வெறுமனே ஒத்துவராது. வெயிலின் புறஊதாக் கதிரில் நைட்ரைல் ரப்பர் வெடித்துத் தூளாகும், காகம் வேறு கொத்தும். அதற்கென வரும் பூச்சு இரண்டு கோட், அதுவும் ஒட்டி 36 மணித்தியாலத்துக்குப் பிறகு. நீண்ட காலத்துக்கென்றால் அலுமினியத் தகட்டு உறை. ஜி.ஐ. தகடு (நாகம் பூசிய இரும்புத் தகடு) உப்புக்காற்றில் விளிம்பிலிருந்து துருப்பிடித்துவிடும். உறையைப் பூட்டும் ஸ்குரூவின் நீளம் 12 மில்லிக்கு மேல் வேண்டாம். 25 மில்லி ரப்பரைத் துளைத்துத் தகட்டைத் தொடும் ஒரு ஸ்குரூ போதும், அந்தத் துளைக்குக் கீழே நவம்பரில் ஒரு வாளி வைக்க வேண்டிவரும்.